போட்ரெய்ட் லென்ஸ் வாங்க முன்: அளவு நாடாவில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

“போட்ரெய்ட் என்றால் 85 மி.மீ.” என்று எல்லோரும் சொல்வார்கள் (போட்ரெய்ட் என்பது ஆளைப் பிரதானமாக வைத்து எடுக்கும் படம்; மி.மீ. என்பது லென்ஸின் குவிய நீளம், அது கூடக் கூடப் படத்துக்குள் வரும் பரப்பு குறுகும்). பொய்யில்லை. ஆனால் அந்த 85ஐக் கெனனின் சாதாரண டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கமரா) ஒன்றில் மாட்டிக்கொண்டு, கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் 12 அடி அறையில் நின்று, சேலை கட்டிய ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்கப் பாருங்கள். முதுகு சுவரில் முட்டிய பிறகும் மார்புக்குக் கீழே ஒன்றும் படத்துக்குள் வராது. முழு உருவத்துக்கு அந்த லென்ஸ் கேட்கும் இடைவெளி 25 அடி. லென்ஸில் பிழையில்லை, வாங்கிய ஒழுங்கில்தான் பிழை.

பெரும்பாலானவர்கள் முதலில் விலை, பிறகு பிராண்ட், பிறகு எஃப் எண் (லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்று சொல்லும் எண்; எண் சிறிதானால் திறப்பு பெரிது) என்று பார்த்து, கடைசியில்தான் நிற்க இடம் இருக்கிறதா என்று யோசிக்கிறார்கள். இங்கே அதைத் தலைகீழாக்கிப் போகிறோம்: இடம், உங்கள் கமராவின் சென்சர் (படம் பதியும் சில்லு), அதன் பின்னர் மற்றதெல்லாம்.

முகத்தை மாற்றுவது தூரம்

அகல லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும், நீள லென்ஸ் முகத்தை அழகாக்கும் என்பது பாதி உண்மை. முகத்தின் அமைப்பை மாற்றுவது நீங்கள் நிற்கும் தூரம். அந்தத் தூரத்தில் இருந்து எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பதை மட்டும் லென்ஸ் முடிவு செய்கிறது.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் ஏறத்தாழ 12 செ.மீ. என்று வையுங்கள். கமரா மூக்கில் இருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தால் காது 62 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அதாவது மூக்குப் பகுதி காதுப் பகுதியை விட 24 சதவீதம் பெரிதாகப் பதியும். போனில் கை நீட்டி எடுக்கும் செல்பியில் மூக்கு முன்னுக்கு வருவது இதனால்தான். அதே கமராவை 2 மீற்றருக்குப் பின்னால் கொண்டுபோனால் அந்த வித்தியாசம் 6 சதவீதமாக இறங்கிவிடும். நாம் ஒருவரோடு ஒருவர் சாதாரணமாகக் கதைக்கும் தூரமும் இதுதான், அதனால் முகம் இயல்பாகத் தெரிகிறது.

ஆகவே தலையும் தோளும் உள்ள படத்துக்கு 1.5 முதல் 2.5 மீற்றர் வரை நல்ல தூரம். ஒரு மீற்றருக்குள் போக வேண்டாம். நாலைந்து மீற்றருக்கு அப்பால் போனால் முகம் தட்டையாகத் தொடங்கும். அதோடு, எதிரில் இருப்பவரிடம் “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ” என்று சொல்லக் கத்த வேண்டியிருக்கும். கத்தும்போது எடுக்கிற முகம் நல்ல முகமாக வருவதில்லை.

அறையை அளத்தல்

தேவையான எண்கள் மூன்றுதான்: படத்துக்குள் வர வேண்டிய உயரம், லென்ஸின் மி.மீ., சென்சரின் நீளப் பக்கம். கமராவை நிமிர்த்திப் பிடித்து எடுப்பதாக வைத்தால்,

தூரம் = உயரம் × லென்ஸ் மி.மீ. ÷ சென்சரின் நீளப் பக்கம்.

புல் பிரேம் என்ற பெரிய சென்சரின் நீளப் பக்கம் 36 மி.மீ.; ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சர் நிக்கோன், சோனி, புஜியில் 23.5, கெனனில் 22.3. தலை தோள் படத்துக்கு 65 செ.மீ., இடுப்பு வரை 1 மீற்றர், தலையில் பூவும் காலடியில் கொஞ்ச இடமுமாக முழு உருவத்துக்கு 2 மீற்றர் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

கெனன் ஏபிஎஸ்-சியில் 35 மி.மீ.: தலை தோளுக்கு 1 மீற்றர், இடுப்பு வரை 1.6, முழு உருவம் 3.1.
அதே கமராவில் 50: 1.5, 2.2, 4.5.
அதே கமராவில் 85: 2.5, 3.8, 7.6.
புல் பிரேமில் 50: 0.9, 1.4, 2.8.
புல் பிரேமில் 85: 1.5, 2.4, 4.7.
புல் பிரேமில் 135: 2.4, 3.8, 7.5.

நிக்கோன், சோனி ஏபிஎஸ்-சிக்கு கெனனின் எண்ணில் இருந்து 5 சதவீதம் குறையுங்கள், போதும்.

இது முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரம் மட்டும். உங்கள் உடம்பும் கமராவும் நிற்க 50 செ.மீ. வேண்டும். எடுக்கப்படுபவர் சுவரோடு ஒட்டி நிற்காமல் குறைந்தது 60 செ.மீ. முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் நிழல் சுவரில் விழும். எனவே 12 அடி அறையில், அதாவது 3.6 மீற்றரில், மிஞ்சுவது 2.5 மீற்றர்தான். அதில் ஏபிஎஸ்-சி கமராவில் 50 என்றால் இடுப்பு வரை தாராளமாக வரும். 35 என்றால் கதிரையில் இருப்பவர் முழுதாக வருவார். 85 என்றால் தலையும் தோளும், அவ்வளவே. அறையின் மூலைக்கு மூலை நின்றால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். 10 க்கு 12 அடி அறையின் மூலைவிட்டம் 15 அடிக்கு மேல். பல்கனிக் கதவைத் திறந்து வெளியில் நின்று உள்ளே எடுப்பதும் பழைய தந்திரம்.

இப்போது நீங்கள் உண்மையில் எங்கே படம் எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிளாட்டில் பிள்ளைகளின் பிறந்தநாள், விகாரமகாதேவி பூங்காவில் கலியாணத்துக்கு முந்திய படங்கள், சுதந்திர சதுக்கத்தின் தூண்கள், சரஸ்வதி மண்டபத்தில் அரங்கேற்றம் — ஒவ்வொன்றுக்கும் நிற்கக்கூடிய தூரம் வேறு. அரங்கேற்றத்துக்கு மேடையில் இருந்து 10 மீற்றர் தள்ளி இருக்கை கிடைத்தால், கை உயர்த்தி ஆடும் ஒருவருக்கு 2.5 மீற்றர் உயரம் பிடித்து, கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: ஏபிஎஸ்-சியில் 89 மி.மீ. வருகிறது. அறைக்குள் இடைஞ்சலாக இருந்த அதே 85, மண்டபத்தில் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும்.

கிட் லென்ஸே சோதனைக் கருவி

கமராவோடு வந்த 18-55 இருந்தால் காசு செலவில்லாமல் இதைச் செய்து பார்க்கலாம். சூம் வளையத்தை 35இல் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அதிலேயே எடுங்கள். மறுநாள் 50இல் ஒட்டுங்கள். எது உங்கள் காலைக் கட்டிப்போடுகிறது, எது விட்டுவிடுகிறது என்று இரண்டாம் நாள் மாலைக்குள் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே எடுத்த படங்கள் இருந்தால் அவற்றின் விவரங்களைத் திறந்து, உங்களுக்குப் பிடித்த ஐம்பது முகப்படங்கள் எந்த மி.மீ.இல் எடுக்கப்பட்டவை என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலானவை 50க்கும் 55க்கும் இடையில் குவிந்தால் அதற்கு அர்த்தம், சூம் முடியும் இடத்தில் நீங்கள் இன்னும் இழுத்துக்கொண்டு நின்றீர்கள் என்பது. 24, 28 பக்கம் குவிந்தால் 85 வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள்.

பின்னணி மங்கல்: எஃப் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்

பின்னணி எவ்வளவு கரையும் என்று அறிய எஃப் எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். லென்ஸின் மி.மீ.ஐ எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். அதுதான் லென்ஸின் திறந்த வாயின் விட்டம்.

50, எஃப் 1.8 என்றால் 28 மி.மீ.
56, எஃப் 1.4 என்றால் 40.
85, எஃப் 1.8 என்றால் 47.
135, எஃப் 2 என்றால் 67.
கிட் லென்ஸ் 55இல், எஃப் 5.6 என்றால் 10 மட்டுமே.

வெகுதூரத்தில் இருக்கும் ஒரு விளக்குப் புள்ளி, முகத்தின் மட்டத்தில் அளந்தால், இந்த விட்டத்துக்குச் சமமான வட்டமாக விரியும். கண்ணின் அகலம் 3 செ.மீ. என்றால், 50இல் அந்த வட்டம் கண்ணளவு, 85இல் கண்ணை விடப் பெரிது. சென்சர் எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: பலர் மலிவு என்று ஒதுக்கி வைத்திருக்கும் 55-250 சூம், 250இல் எஃப் 5.6 என்றால் 45 மி.மீ. வருகிறது. 85 எஃப் 1.8க்கு ஏறக்குறையச் சமம்! காலிமுகத்திடலில் ஏழு மீற்றர் தள்ளி நின்று, கடலையும் தொலைவில் நிற்கும் கப்பல் விளக்குகளையும் பின்னணியாக வைத்து எடுத்தால் அந்தச் சூம் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

ஆனால் பின்னணி பக்கத்தில் இருந்தால் கதை மாறும். அப்போது விட்டத்தை இன்னொரு பின்னத்தால் பெருக்க வேண்டும்: முகத்துக்குப் பின்னால் உள்ள இடைவெளி ÷ கமராவில் இருந்து பின்னணிக்கு உள்ள மொத்தத் தூரம். கெனன் ஏபிஎஸ்-சியில் தலை தோள் படம், சுவர் 1 மீற்றர் பின்னால் என்று வைத்துப் பாருங்கள். 50 எஃப் 1.8 தருவது 11 மி.மீ. மங்கல். 85 எஃப் 1.8 தருவது 13 மி.மீ. சொச்சம். பல மடங்கு விலை கொடுத்து வாங்கியது இரண்டு மில்லிமீற்றரை! அந்த 250 சூமோ வெறும் 5க்கு இறங்கிவிடும். இப்போது 50ஐயே வைத்துக்கொண்டு, எடுக்கப்படுபவரைச் சுவரில் இருந்து 3 மீற்றர் முன்னால் கொண்டுவாருங்கள்: 19 மி.மீ. சுவரோடு நின்ற 85 தோற்றுப்போகிறது.

அறைக்குள் எடுப்பவருக்கு இது பெரிய செய்தி. கதிரையை நகர்த்துவது இலவசம். கடற்கரை, பூங்கா, நீளமான வீதி என்று எடுப்பவருக்குத்தான் 85இன் விலை முழுதாகத் திரும்பி வரும்.

கூர்மை எங்கே தவறுகிறது

எஃப் 1.8 லென்ஸ் கைக்கு வந்த முதல் வாரம் எல்லாப் படத்தையும் 1.8இலேயே எடுக்கத் தோன்றும். முடிவு: மூக்கு நுனி கூர்மை, கண் மங்கல். லென்ஸ் பழுது என்று கடைக்குத் திரும்பிப் போகிறவர்களில் பலரின் பிரச்சினை இதுவே.

புல் பிரேமில் 85, எஃப் 1.8, 2 மீற்றர் தூரம் என்றால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தம் 6 செ.மீ. 1.5 மீற்றருக்குக் கிட்டப் போனால் மூன்றரை செ.மீ. முகத்தை 45 பாகை திருப்பினால் இரண்டு கண்களுக்கும் இடையில் உள்ள ஆழ வித்தியாசமே நாலரை செ.மீ. ஆகிவிடும். ஆகவே கிட்ட நின்று, திரும்பிய முகத்தில், இரண்டு கண்ணும் கூர்மையாக வர வாய்ப்பே இல்லை. கமராவுக்குக் கிட்ட உள்ள கண்ணைப் பிடியுங்கள், தூரத்துக் கண் கரைந்தால் யாரும் குறை சொல்வதில்லை. இரண்டும் வேண்டுமானால் எஃப் 2.8. தோடு, நெற்றிச்சுட்டி, மூக்குத்தி எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டிய சாமத்திய வீட்டுப் படங்களுக்கு எஃப் 4. 2 மீற்றரில் 13 செ.மீ. ஆழம் கிடைக்கும், காதுவரை பிடிக்கும். மணமக்கள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 2.8 முதல் 4. இரண்டு வரிசையில் குடும்பம் என்றால் 5.6 அல்லது 8, லென்ஸும் 35க்குப் போக வேண்டும்.

டிஎஸ்எல்ஆரில் நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டுப் பிறகு கமராவைச் சரித்துச் சட்டகத்தை அமைக்கும் பழக்கம் எஃப் 1.8இல் செல்லாது. சரிக்கும்போதே கூர்மையின் மட்டம் கண்ணுக்குப் பின்னால் நழுவிவிடும். கண் இருக்கும் இடத்துக்கே போக்கஸ் புள்ளியை நகர்த்துங்கள். கண்ணைத் தானாகப் பிடிக்கும் மிரர்லெஸ் கமரா (உள்ளே ஆடி இல்லாத வகை) இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. ஒரு தடவை மட்டும் போக்கஸ் பிடிக்கும் ஏஎஃப்-எஸ் முறையில் போக்கஸ் பூட்டிய பிறகு எதிரில் இருப்பவர் சற்று முன்னால் சாய்ந்தாலும் படம் போய்விடும். தொடர் போக்கஸில் வையுங்கள்.

மவுன்ட் பொறிகள்

மவுன்ட் என்பது லென்ஸ் கமராவில் பூட்டும் வளையம். விலை நல்லது என்று வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் வேலை செய்யாமல் போகும் சேர்மானங்கள் சில உண்டு.

நிக்கோன் டி3500, டி5600 போன்ற டி3000, டி5000 தொடர்க் கமராக்களுக்குள் போக்கஸ் மோட்டர் கிடையாது. பழைய 50 எஃப் 1.8 டி, 85 எஃப் 1.8 டி லென்ஸ்கள் மாட்டலாம், படமும் எடுக்கலாம், ஆனால் ஓட்டோ போக்கஸ் வராது. நிக்கோன் லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று பொறித்திருக்க வேண்டும் (இங்கே அதன் பொருள் லென்ஸுக்குள்ளேயே மோட்டர் உண்டு என்பது, மேலே சொன்ன போக்கஸ் முறை அல்ல). அதன் முடிவில் பெரும்பாலும் “ஜி” எழுத்து இருக்கும். நிக்கோனின் இசட் மிரர்லெஸ் கமராவில் எஃப்டிஇசட் அடப்டர் போட்டாலும் “டி” லென்ஸ்களுக்கு அதே கதிதான்.

கெனனில் ஈஎஃப் லென்ஸ் பழைய டிஎஸ்எல்ஆர் எல்லாவற்றிலும் பொருந்தும், அடப்டர் போட்டு ஆர் தொடர் மிரர்லெஸிலும் நன்றாக வேலை செய்யும். ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த ஈஎஃப்-எஸ் லென்ஸ் புல் பிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே முடியாது. ஆர் தொடருக்கான ஆர்எஃப் லென்ஸ் எந்த டிஎஸ்எல்ஆரிலும் போகாது, அதற்கு அடப்டரும் இல்லை. அடுத்த வருடம் மிரர்லெஸ் வாங்கும் எண்ணம் உள்ளவர் இன்று பாவித்த ஈஎஃப் லென்ஸ் எடுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டமில்லை.

சோனியில் புல் பிரேமுக்கான எஃப்இ லென்ஸ் ஏ6400 போன்ற ஏபிஎஸ்-சி கமராவிலும் அப்படியே பொருந்தும். கோணம் மட்டும் 1.5 மடங்கு குறுகும்.

எதை வாங்குவது

ஏபிஎஸ்-சி கமராவும் இறுக்கமான பட்ஜெட்டும் என்றால் 50 எஃப் 1.8, இரண்டாவது யோசனை வேண்டாம். கெனனில் 2015இல் வந்த ஈஎஃப் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் 160 கிராம் அளவே எடை, 35 செ.மீ. வரை கிட்டப் போகும், 49 மி.மீ. பில்டர். அதற்கு முந்திய பிளாஸ்டிக் மவுன்ட் 50 இன்னும் மலிவாகக் கிடைக்கும். திறப்பைச் சுருக்கும் தகடுகள் ஐந்துதான், சற்று மூடினால் வெளிச்சப் புள்ளிகள் ஐங்கோணமாக வரும், போக்கஸ் சத்தமும் அதிகம். வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய் என்றால் எஸ்டிஎம்மையே எடுங்கள். நிக்கோனுக்கு ஏஎஃப்-எஸ் 50 எஃப் 1.8 ஜி. பிளாட்டுக்குள்ளேயே எடுப்பவர், பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டுக்காரர், நிக்கோனின் டிஎக்ஸ் 35 எஃப் 1.8 ஜி பக்கம் போகலாம். முகத்துக்கு மிகக் கிட்டப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் வைத்திருப்பவருக்கு எங்கள் தெரிவு சிக்மா 56 எஃப் 1.4. 280 கிராம், சோனி, புஜி, கெனன் ஆர்எஃப் மவுன்ட்களில் எல்லாம் வருகிறது, முழுதாகத் திறந்தாலும் கூர்மை குறைவதில்லை. 40 மி.மீ. வாய் என்பதால் மங்கலும் 85க்குக் கிட்ட வந்துவிடும், இடம் மட்டும் குறைவாகக் கேட்கும்.

புல் பிரேமுக்கு 85 எஃப் 1.8தான் நடு வழி. சோனி எஃப்இ 85 எஃப் 1.8 371 கிராம், அதே நிறுவனத்தின் எஃப் 1.4 ஜி மாஸ்டரின் முதல் பதிப்பு 820 கிராம். இரண்டுக்கும் இடையில் வெளிச்சத்தில் முக்கால் ஸ்டொப் கூட இல்லை (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). விலையோ பல மடங்கு. ஏழு மணி நேரக் கலியாண வீட்டில் அந்த அரைக் கிலோ தோளில் எழுதும் கணக்கு வேறு. படம் எடுத்துச் சம்பாதிப்பவர் 1.4 வாங்கட்டும், மற்றவர் மிஞ்சும் காசில் ஒரு பிளாஷும் மென்குடையும் வாங்கினால் படங்கள் கூடுதலாக மாறும்.

கெனனின் பழைய ஈஎஃப் 85 எஃப் 1.8 யுஎஸ்எம் 1992இல் வந்தது, போக்கஸ் இன்றைக்கும் மின்னல் வேகம். அதன் குறை ஊதாக் கரை: வெள்ளை வேட்டியின் ஓரம், பட்டுச் சேலையின் ஜரிகை, நகையின் பளபளப்பு எல்லாவற்றிலும் முழுத் திறப்பில் ஊதா நிறம் வழியும். எஃப் 2.8க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கும். ஆர்எஃப் 85 எஃப் 2 மக்ரோ 35 செ.மீ. வரை கிட்டப் போகும். மருதாணிக் கை, தாலிக்கொடி, மோதிரம் எல்லாம் அதே லென்ஸில் முடியும். ஆனால் ஆடும் பிள்ளையைத் துரத்த அதன் போக்கஸ் மெதுவானது.

135, 70-200 எஃப் 2.8 எல்லாம் வெளிப்புறத்துக்கும் மண்டபத்துக்கும். முதல் லென்ஸாக அவை வேண்டாம்.

வெயிலும் மின்குமிழும்

நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 1.8 என்றால் ஷட்டர் 1/8000 செக்கன் வேண்டும். ஆரம்ப நிலைக் கமராக்கள் பலவற்றில் 1/4000தான் எல்லை, எனவே படம் வெளுத்துவிடும். எஃப் 2.8க்கு மூடுங்கள், அல்லது வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 8 பில்டர் போடுங்கள். கொழும்பில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்பதால் கண்குழி கறுத்துப்போகும், அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை; மர நிழலுக்குப் போங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு காலிமுகத்திடலில் வெளிச்சம் அழகு. ஆனால் சூரியன் நேரே கடல் பக்கம் இறங்குவதால் லென்ஸுக்குள் வெளிச்சம் புகுந்து படம் பால் கலந்த மாதிரி வரும். ஹூட் (லென்ஸின் முன்னே மாட்டும் நிழல் வளையம்) பெட்டிக்குள் இல்லாவிட்டால் தனியாக வாங்குங்கள்.

மண்டபங்களில் இன்னொரு தொல்லை. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்ஈடி குமிழ்கள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். 1/250இல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு வரும். 1/100க்கு இறக்குங்கள். ஆனால் ஏபிஎஸ்-சியில் 85ஐக் கையில் பிடித்து எடுக்க 1/125க்குக் கீழே போனால் கை நடுக்கம் பதியும். இந்த இழுபறியில்தான் லென்ஸிலோ கமராவிலோ உள்ள அதிர்வுக் கட்டுப்பாடு காசுக்குப் பெறுமதி. அது உங்கள் கையைத்தான் அடக்கும், ஆடுபவரின் கையை அல்ல.

கடைக்காரர் கூடவே தரும் மலிவு யூவி பில்டர் பற்றி: கடற்கரையில் போடுங்கள், உப்புத் துளியில் இருந்து முன்கண்ணாடியைக் காக்கும். குத்துவிளக்கு, ஆரத்தி, பிறந்தநாள் மெழுகுதிரி எடுக்கும்போது கழற்றுங்கள். இல்லாவிட்டால் சுடரின் பிம்பம் படத்தின் எதிர் மூலையில் பேய் போல மிதக்கும்.

பாவித்த லென்ஸ் பார்க்கும் முறை

இணைய விளம்பரத்தில் நல்ல விலை கண்டால் பகலில், உங்கள் சொந்தக் கமராவோடு போங்கள். முதலில் பின்மூடியைக் கழற்றிப் போன் ரோர்ச்சை முன்பக்கமிருந்து அடித்து, பின்பக்கமாகச் சரித்துச் சரித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் பங்கஸ். கழுவிய கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி வெண்மை என்றால் ஹேஸ். இரண்டுக்கும் விலை பேச வேண்டாம், திரும்பி வாருங்கள். நாலைந்து தூசித் துணிக்கைகள் படத்தில் தெரியாது. முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று பெரிதாகக் கெடுக்காது, பின்கண்ணாடியில் இருந்தால் கெடுக்கும்.

மவுன்டில் உள்ள ஸ்குறூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். லென்ஸை மாட்டி எஃப் 8 வைத்து, ஷட்டரை அழுத்தும்போது தகடுகள் சட்டென மூடித் திறக்கின்றனவா என்று முன்பக்கம் பாருங்கள். எண்ணெய் படிந்தால் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும்.

பிறகு படம். 1.5 மீற்றரில் விற்பவரின் முகத்தையே முழுத் திறப்பில் ஐந்து தடவை எடுங்கள், ஒவ்வொரு தடவையும் போக்கஸைக் கலைத்துவிட்டு. நூறு சதவீதத்துக்குப் பெருக்கிக் கண் மயிரைப் பாருங்கள். ஐந்தும் ஒரே மாதிரிக் காதுப் பக்கம் கூர்மையாக வந்தால் டிஎஸ்எல்ஆரும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. ஆரம்ப நிலைக் கமராவில் இதைத் திருத்தும் வசதி இருக்காது. அடுத்தது, தட்டையான செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே நின்று எஃப் 2.8இல் ஒரு படம். வலது மூலை தெளிவு, இடது மூலை கரைவு என்றால் லென்ஸ் எப்போதோ விழுந்திருக்கலாம்.

புதிதாக வாங்கினால் ரசீதில் லென்ஸின் தொடர் இலக்கத்தை எழுதிக் கேளுங்கள், வொரன்டி அட்டையில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். “வொரன்டி உண்டு” என்றால் யாருடைய வொரன்டி என்று கேட்க வேண்டும்: கம்பனி முகவருடையதா, கடையுடையதா? கடை வொரன்டி என்றால் விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

கொழும்புக் காற்றில் வைத்திருத்தல்

கண்ணாடிக்குப் பெரிய எதிரி ஈரம். துணி அலமாரிக்குள், தோல் உறைக்குள் மூடி வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே பங்கஸ் பிடிக்கலாம். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, சிறிய ஈரமானி ஒன்று, சிலிக்கா ஜெல். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஏசி அறையில் இருந்து வெளியே வரும்போது கமராவைப் பையில் இருந்து உடனே எடுக்காதீர்கள், கண்ணாடி வியர்த்துவிடும். 20 நிமிடமாவது பையை மூடியே வையுங்கள். மரைன் டிரைவ் பக்கம் எடுத்துவிட்டு வந்த அன்றே சற்று ஈரமான மென்துணியால் லென்ஸின் உடலைத் துடையுங்கள், உப்பு காய்ந்த பிறகு துடைத்தால் அது மணல் தாள் போலக் கீறும்.

சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறும் செம்மஞ்சள் வகையை வாங்குங்கள். பச்சையாக மாறியதும் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் ஓவனுக்குள் அதைக் கொண்டுபோக வேண்டாம். பெட்டிக்குள் அரிசி போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: ஈரம் குறைவதில்லை, தவிட்டுத் தூள் போக்கஸ் வளையத்துக்குள் போகும், கொஞ்ச நாளில் வண்டும் வரும்.